என் பெயரில் போன படங்கள்

என் கணவரை அவர் வேலை செய்கிற இடத்தில் ஜட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள். கோர்ட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை கம்பெனி ஸ்க்ரூடிரைவர் ஒன்று தெரியாமல் சட்டைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மறுநாள் விடுமுறை. விடுமுறை என்றும் பார்க்காமல் பஸ் மாறிப் போய் அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தார். ஸ்டோரில் இருந்த ஆளுக்கு அப்படி ஒன்று காணாமல் போனதே தெரியாது. அன்று வைத்த பெயர்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். கூட இருந்து குப்பை கொட்டிப் பார்த்தால்தான் தெரியும். மளிகைக் கடையில் ஒரு சோப்பைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள் என்று உச்சி வெயிலில் திரும்பிப் போவார். அந்தக் கடைக்காரர் இப்போதெல்லாம் இவர் தலையைத் தூரத்தில் பார்த்தாலே உள்ளே போய்விடுகிறார். கூட வேலை பார்க்கிறவர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால், பதிலுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கும்வரை இவருக்கு நிலைகொள்ளாது. யாரிடமாவது எதையாவது வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது இவர் உடம்புக்கே ஒத்துக்கொள்ளாத விஷயம். இந்தக் குணம்தான் கடைசியில் என் வேலைக்கு உலை வைத்தது.

இவருக்கு இருக்கிற ஒரே பைத்தியம் சினிமா. அதுவும் புதுப்படம் இல்லை. யாருக்கும் ஞாபகத்தில் இல்லாத, எந்தக் கடையிலும் கிடைக்காத, எந்த டிவியிலும் வராத பழைய படங்கள். வேலையிலிருந்து வந்து, கையில் இருக்கிற கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, சின்ன அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்தக் கம்ப்யூட்டர் ஒரு ஆபீசில் வேண்டாம் என்று தூக்கிப் போட இருந்தது. குப்பைக்குப் போகிற சாமானை எடுத்துக்கொள்வதற்கு அந்த ஆபீஸ் மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வந்த மனிதர் இவர். சிரிக்காதீர்கள். அந்தக் காகிதம் இன்னும் பீரோவில் இருக்கிறது.

படங்களை எங்கிருந்து எடுக்கிறார் என்று நான் கேட்டதில்லை. "எங்கேயோ இன்டர்நெட்ல கிடைக்குது" என்று சொல்வார். நானும் விட்டுவிட்டேன். "வாயேன், இந்த ஒரு சீன் மட்டும் பாரு" என்று அடிக்கடி கூப்பிடுவார். எனக்கு எங்கே நேரம்? காதில் ஹெட்போனும் காலுக்கடியில் பெடலுமாக நான் வேறொரு அறையில் உட்கார்ந்திருப்பேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த பிறகு, என்ன பார்த்தோம், என்ன மருந்து கொடுத்தோம் என்பதையெல்லாம் வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுவார்கள். அது எனக்கு வரும். கால் பெடலை அமுக்கினால் குரல் ஓடும், விட்டால் நிற்கும். கேட்டுக் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். சில டாக்டர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுவார்கள். ஒருவர் பிஸ்கட் தின்றுகொண்டுதான் பேசுவார். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் வருடக்கணக்காக ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டது. இதற்கென்று படித்து, தேர்வில் தோற்று, மறுபடி எழுதி, கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் ஒரு நிபந்தனை: இன்டர்நெட் லைன் வேலை செய்கிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும்.

அதனால் லைன் என் பெயரில் வாங்கினோம். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். கேஸ், கரண்ட், எல்லாம் அவர் பெயரில். இந்த ஒன்றுதான் என் பெயரில் வந்தது. முதல் பில் வந்தபோது என் பெயரை அச்சில் பார்த்து எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏனென்றால் எச்சரிக்கையும் அந்தப் பெயருக்குத்தான் வந்தது.

ஒரு நாள் காலையில் வேலையைத் தொடங்கலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தால், வேலைப் பக்கம் வரவில்லை. அதற்குப் பதிலாகத் திரை முழுக்க ஒரு அறிவிப்பு. உங்கள் இணைப்பின் வழியாக உரிமை பெறாத திரைப்படம் பரிமாறப்பட்டிருக்கிறது, இது முதல் எச்சரிக்கை, மூன்றாவது எச்சரிக்கையோடு இணைப்பு துண்டிக்கப்படும் என்று இருந்தது. மேலே என் பெயர், முழுசாக, இனிஷியலோடு. கீழே 'புரிந்துகொண்டேன்' என்று ஒரு பட்டன். அதை அமுக்கினால்தான் வேறு எதுவும் திறக்கும். புரியவில்லை என்று சொல்வதற்குப் பட்டன் வைக்கவில்லை.

இவர் அப்போது ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இங்க வாங்க. இது என்னன்னு பாருங்க."

வந்து பார்த்தார். பிரஷ் கையிலேயே இருந்தது. நிதானமாகப் படித்துவிட்டு, "ஆமா, நான்தான் இறக்கினேன்" என்றார்.

மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை பாருங்கள்.

"இது திருட்டுன்னு போட்டிருக்காங்க!"

"யார்கிட்டேருந்து திருடினேன்? கடையில கேட்டேன், இல்லன்னுட்டான். தியேட்டர்ல வராது. டிவியில வராது. எவனோ ஒருத்தன் வெச்சிருக்கான், எனக்குக் கொடுக்கறான். இரவல் வாங்கற மாதிரிதானே?"

"இரவலோ கிரவலோ, லைன் போச்சுன்னா என் வேலை போச்சு. அது தெரியுமா உங்களுக்கு?"

அது அவருக்கு உறைத்தது. முகம் மாறிவிட்டது. "சரிம்மா. இனிமே ஒரு படம்கூட இறக்க மாட்டேன். சத்தியமா" என்றார். இவர் சத்தியம் செய்தால் அது நடந்த மாதிரிதான். நான் நிம்மதியாக 'புரிந்துகொண்டேன்' பட்டனை அமுக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

அவர் சொன்னபடியே இருந்தார். மாலையில் வந்து ஏற்கெனவே பார்த்த படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் இரண்டாவது எச்சரிக்கை வந்தது. இந்த முறை எழுத்து இன்னும் பெரிதாக, சிவப்பில்.

"இறக்கினீங்களா?"

"இல்லையே. ஒண்ணுகூட இல்ல."

"நிஜமா?"

"நான் எப்ப பொய் சொன்னேன்?"

அதுதானே பிரச்சினை. இவர் பொய் சொல்ல மாட்டார். இவர் இல்லை என்றால் வேறு யார்? வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். யோசித்துப் பார்த்தால், கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு எங்கள் வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தேன். அவள் மகள் ஏதோ படிக்கிறாள், பாடம் எல்லாம் ஆன்லைனில் என்று கேட்டாள், கொடுத்தேன். பிடித்துக்கொண்டேன் அவளை.

"அக்கா, என்னக்கா சொல்றீங்க? மெஷின்ல உட்கார்ந்தா எந்திரிக்க நேரமில்ல எனக்கு. படமா பார்க்கறேன் நானு?"

"நீ பார்க்காட்டி உன் பொண்ணு பார்த்திருப்பா."

"என் பொண்ணைப் பத்திப் பேசாதீங்க. உங்க இன்டர்நெட்டை நீங்களே வெச்சுக்குங்க!"

வாயில் இருந்த ஊசியைக்கூட எடுக்காமல் சொன்னாள். அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன். அதிலிருந்து மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறாள். அவளிடம் கொடுத்த என் துணி இன்னும் தைக்கப்படாமல் கிடக்கிறது.

பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. இன்னும் ஒரே ஒரு எச்சரிக்கைதான் மிச்சம். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும் என்று ஒரு குரல் என்னை அலைக்கழித்தது. எந்த எண்ணை அழுத்தினாலும் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது. நடுநடுவே உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று வேறு. முக்கியமானால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? காது சூடேறி, வைத்துவிடலாம் என்று இருந்தபோது ஒரு பெண் எடுத்தாள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் யாருமே படம் டவுன்லோட் செய்வதில்லை, உங்கள் மெஷின்தான் தப்பு என்று கத்தினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மேடம், நீங்க டவுன்லோட் பண்ணதா இதுல இல்ல. உங்க லைன்லேருந்து படம் வெளியில போகுதுன்னு இருக்கு. நீங்க மத்தவங்களுக்கு விநியோகம் பண்றீங்க."

"விநியோகமா? என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவரும்மா!"

"அது எனக்குத் தெரியாது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

போனை வைத்துவிட்டுச் சின்ன அறைக்குப் போனேன். இவர் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். மூலையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர். திரை அணைந்திருந்தது, ஆனால் பெட்டிக்குள் விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எப்போதும் இருக்கும். இருந்து இருந்து காதுக்குப் பழகிவிட்டது.

"நீங்க படம் இறக்கலன்னு சொன்னீங்க."

"ஆமா."

"யாருக்காவது கொடுக்கறீங்களா?"

"கொடுத்துட்டுதான் இருக்கேன்" என்றார், ஊசியில் நூல் கோத்தபடி. "நீ அதைக் கேட்கவே இல்லையே."

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அவர் படம் இறக்கிய மென்பொருளில், ஒருவர் கம்ப்யூட்டரில் இருக்கிற படத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வார்களாம். நீங்கள் எவ்வளவு வாங்கியிருக்கிறீர்கள், எவ்வளவு திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று காட்டுமாம். ஊரில் உலகத்தில் இருக்கிற மற்றவர்கள் எல்லாம் படம் வந்த உடனே பட்டென்று மூடிவிட்டுப் போய்விடுவார்கள். மாட்டிக்கொள்ளாமலும் இருப்பார்கள். நம்ம ஜட்ஜுக்கு அது அநியாயமாகப் பட்டிருக்கிறது. வாங்கின அளவுக்காவது திருப்பிக் கொடுக்காமல் மூடுவது திருட்டு என்று அவர் மனசில் இருந்திருக்கிறது. வாங்குவதை நிறுத்தினார். கொடுப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால்தான் தப்பு என்று நினைத்தார். கம்பெனிக்காரன் பிடிப்பது கொடுக்கிறவனைத்தான் என்பது இவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

"உடனே நிறுத்துங்க அதை."

கையில் இருந்த சட்டையை மடித்து வைத்தார். "எல்லாத்தையும் நிறுத்திடறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்கட்டும்."

"எது?"

திரையைப் போட்டுக் காட்டினார். ஏதோ ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அந்தப் படத்தை முழுசாக வைத்திருப்பவர் இந்த உலகத்திலேயே இப்போதைக்கு இவர் ஒருவர்தானாம். எங்கேயோ ஒரு ஆள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். பேர் கிடையாது, ஊர் கிடையாது, வெறும் எண். மோசமான லைன் போல. தினமும் கொஞ்ச நேரம் வருவான், துளி எடுப்பான், போய்விடுவான்.

"இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. கடைசிப் பகுதி. இப்ப நான் மூடினா அவனுக்கு வேற வழி இல்ல. லிஃப்ட்ல ரெண்டு மாடிக்கு நடுவுல ஆள் மாட்டிக்கிட்டிருக்கும்போது கருவிப் பையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வர முடியுமா?"

"லிஃப்ட்ல மாட்டினா மூச்சு முட்டும். படம் பார்க்கலன்னா எவனும் செத்துப் போக மாட்டான். அணைங்க!"

அவர் பதில் சொல்லவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். அவர் பேசாமல் இருந்ததைச் சரி என்றதாக எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் வாழ்ந்தும் புத்தி வரவில்லை எனக்கு. இவர் சரி என்றால் வாயைத் திறந்து சரி என்பார். இல்லை என்று சொல்ல வாய் வராதபோதுதான் பேசாமல் இருப்பார்.

லைன் ஒரு மத்தியான வேளையில் செத்தது. பிஸ்கட் டாக்டரின் ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வயிற்று ஆபரேஷன். தையல் போடுகிற இடம் வரை வந்துவிட்டேன். அனுப்புகிற பட்டனை அமுக்கினால் போகவில்லை. மறுபடி அமுக்கினேன். பிறகு அந்தத் திரை வந்தது. மூன்றாவது எச்சரிக்கை என்றுகூடப் போடவில்லை. துண்டிக்கப்பட்டது என்று மட்டும் இருந்தது, என் பெயருக்குக் கீழே.

சின்ன அறைக்குள் போனால் கம்ப்யூட்டரின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். கனமாக இருந்தது, தூக்க முடியவில்லை.

என் டீம் லீடர் சின்னப் பெண், நல்ல பெண். போனில் அழாத குறையாகச் சொன்னாள்: "மேம், நாளைக்குக் காலையில ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது லைன் இல்லன்னா உங்க இடத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்க. என் கையில எதுவும் இல்ல மேம்."

இவருக்குப் போன் போட்டேன். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து, கருவிப் பையோடு நேராக இன்டர்நெட் கம்பெனி ஆபீசுக்கே வந்துவிட்டார். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவர், "அவனுக்கு முடிஞ்சதும் அணைச்சுட்டு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் டோக்கன் சீட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஊழியர் ஒரு படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். லைன் திரும்ப வேண்டுமானால் அதில் இருப்பதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். என் இணைப்பின் வழியாக நான் உரிமை பெறாத திரைப்படத்தை விநியோகம் செய்தேன், அதற்காக வருத்தப்படுகிறேன், இனி செய்ய மாட்டேன். அவ்வளவுதான். கூடவே படத்தின் பெயர். அந்தப் படத்தை நான் பார்த்ததுகூட இல்லை. பார்த்திருந்தாலாவது செய்த குற்றத்துக்கு ஒரு ருசி இருந்திருக்கும்.

பேனாவை எடுத்தேன். இவர் குறுக்கே கையை வைத்தார்.

"சார், பண்ணது நான். நான் கையெழுத்துப் போடறேன்."

"கணக்கு மேடம் பேர்ல இருக்கு சார்."

"இருக்கட்டும். தப்பு என்னோடது. அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"சார், அது உங்க குடும்ப விஷயம். எங்களுக்குக் கணக்குதாரர்தான். வேணும்னா இதை மூடிட்டு உங்க பேர்ல புதுசா அப்ளை பண்ணுங்க."

என் பெயரில் இல்லாத லைனில் எனக்கு வேலை கிடையாது. இவருக்கும் அது தெரியும். தெரிந்தும் கையை எடுக்கவில்லை.

"பண்ணாத தப்பைப் பண்ணேன்னு எப்படி எழுதிக் கொடுப்ப? அது பொய் இல்லையா? வருத்தப்படறேன்னு வேற போட்டிருக்கு. நீ எதுக்கு வருத்தப்படணும்?"

"படறேன்" என்றேன். "உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். இவர் கையை எடுத்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். சொன்னது தப்பு என்று அப்போதே தெரிந்தது. ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை, அவ்வளவு கோபம்.

மறுநாள் காலையில் லைன் வரவில்லை. மத்தியானம் வந்தது. அதற்குள் பிஸ்கட் டாக்டரை வேறு யாரோ டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை, காத்திருப்பில் போட்டார்கள். யாராவது வராத நாளில், வேலை மிஞ்சினால், திரையில் டிங் டிங் என்று சத்தத்தோடு ஒரு ஃபைல் வரும். என்னைப் போலக் காத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். யார் முதலில் பச்சைப் பட்டனை அமுக்குகிறார்களோ அவர்களுக்கு அது. ஒழுங்காக எடுத்து முடித்துக் கொடுத்துக்கொண்டே வந்தால் திரும்ப ஷிஃப்டில் சேர்ப்பார்கள். எடுக்கத் தவறினால் நம் பெயர் வரிசையில் இன்னும் கீழே போகும்.

தையல்காரம்மாவிடம் போய் என் தப்புதான் என்று சொன்னேன். சரிக்கா என்றாள். துணியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இவரோ, அந்த ஆபீசிலிருந்து வந்த அன்றே கம்ப்யூட்டரைக் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. தன் போனிலிருந்து வீட்டு வைஃபையை எடுத்துவிட்டார். "உன் பேர்ல இருக்கற லைன். இனிமே நான் அதுல கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். டிவி அந்த லைனில் ஓடுகிறது என்பதால் டிவியும் கிடையாது. பஸ் எப்போது வரும் என்று போனில் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குள் மொபைல் டேட்டா சரியாக எடுக்காததால் தெருமுனைக்குப் போய் நிற்கிறார். மாலையில் கையைக் கழுவிக்கொண்டு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"ஏதாவது பாருங்களேன். நான்தானே சொல்றேன்" என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"வேண்டாம்மா. ஒரு தடவை உன் பேரை இழுத்து விட்டது போதும்."

ஒரு திருடனைக் கட்டியிருந்தால் நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றியிருப்பேன். தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிற மனிதரை என்ன சொல்லித் திட்டுவது? சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

காத்திருப்பில் நாள்கள் போயின. கழிப்பறைக்குப் போனாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிங் டிங் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் நான் அமுக்குவதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள். இன்னொரு முறை தவறினால் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும் என்று டீம் லீடர் ரகசியமாகச் சொன்னாள்.

அன்று இவருக்கு விடுமுறை. வீட்டில் ஒரு காய்கூட இல்லை. கடை எங்கள் தெருக் கோடியில்தான். சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துவிட்டு, இவரைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"வேலை வந்தா விட்டுடாதீங்க. டிங் டிங்னு வரும். நான் ஓடிப்போய் ஓடி வந்துடறேன்."

"சரி" என்றார். வாயைத் திறந்து சொன்னார். நம்பிப் போனேன். அவசரத்தில் போனைச் சமையலறையிலேயே விட்டுவிட்டேன்.

வெண்டைக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். இவர்தான். ஆளே வேர்த்து வழிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் முகமெல்லாம் சந்தோஷம்.

"வந்துடுச்சு! உனக்கு வேலை வந்திருக்கு! வா, வா!"

"அமுக்கிட்டீங்க இல்ல?"

"எதை?"

"பச்சையா ஒரு பட்டன் இருந்திருக்குமே!"

"இருந்துச்சு. ஆனா அதுல 'இந்த வேலையை நான் ஏற்கிறேன்'னு எழுதியிருக்கு. நான்னா அது நீதானே? உன் பேர்ல வந்ததை நான் எப்படி ஏத்துக்கறது? அதான் ஓடி வந்தேன்."

பையைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் முன்னால், அவர் பின்னால். வருஷக்கணக்காக நின்று நின்று கெட்டுப்போன கால்கள். படியேறும்போது ஒரு காலில் நரம்பு பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தேன். இந்த வேலை வேறொருவருக்கு வழங்கப்பட்டது என்று திரையில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரியும் போய், காத்திருப்போர் பட்டியலில் தற்போது உங்கள் பெயர் இல்லை என்று வந்தது.

நாற்காலியில் உட்காரக்கூட முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் வாசல்படியில் நின்றார். திரையில் இருந்ததைப் படித்திருப்பார். உள்ளே வரவில்லை.

"ஒரு பட்டன்" என்றேன். "ஒரே ஒரு பட்டன். அமுக்கியிருக்கக் கூடாதா?"

"அது தப்பில்லையா?"

குத்திக் காட்டவில்லை, வாதம் செய்யவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சத்தம் போட்டு அழுதுவிட்டேன். கீழே தையல் மெஷின் நின்றது, அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும் என்று அழுதேன்.

"தப்புதான்" என்றேன். "எவனோ முகம் தெரியாத ஒருத்தனுக்காக என் பேர்ல அத்தனை தப்புப் பண்ணீங்க இல்ல? எனக்காக ஒண்ணு பண்ணியிருக்கக் கூடாதா?"

அவர் வாயைத் திறந்தார். எதுவும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.